முதலில் இறங்க வேண்டிய அலமாரி

போன வாரம் அக்காவைக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நிறுத்திவிட்டு வந்தோம். இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள்.

"என்னைப் பத்தி சொல்லணும்னா..." என்று கண்ணாடியிடம் ஆரம்பித்தாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. இத்தனை வருடம் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கே விண்ணப்பம் போட்டு, அதற்கே நேர்காணலுக்கும் போ என்றால் யாருக்குத்தான் வார்த்தை வரும்?

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அக்கா வேலை பார்ப்பது ஒரு பெரிய மரச்சாமான் கம்பெனியின் கிடங்கில். கட்டில், மெத்தை, சோபா, அலமாரி. வாடிக்கையாளர் கடையில் தேர்ந்தெடுப்பார். சாமான் கிடங்கிலிருந்து வேனில் அவர் வீட்டுக்குப் போகும். எந்த வேன் எந்தெந்த வீட்டுக்கு, யார் வீடு முதலில், எந்தச் சாமானை எங்கே அடுக்குவது என்று திட்டம் போடுகிறவள் அக்கா. போன வருடம் அந்தத் திட்டத்தையெல்லாம் போடுவதற்கு ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டம் வந்தது. கம்பெனியின் மூன்று கிடங்குகளிலும் அக்காவைப் போல ஒருவர் இருக்கிறார். இனி மூவருக்கும் சேர்த்து ஒரே நாற்காலிதான், வேண்டுமானால் மூவரும் விண்ணப்பிக்கலாம் என்று மெயில் வந்திருந்தது. மெயிலின் அடியில் பூங்கொத்துப் படம் வேறு.

குளியலறைக் கதவு தட்டப்பட்டது.

"கதவத் தொறக்கா. எவ்வளவு நேரம்தான் நிக்கிறது?"

"உனக்கென்னடா அவசரம்? ஆபீசா இருக்கு?"

சொன்ன பிறகுதான் அக்காவுக்குச் சுருக்கென்றது. வெளியே நிற்பவன் அவள் தம்பி. வீட்டில் அவனுக்கு 'ஐடியா' என்று பட்டப்பெயர். வாடிக்கையாளர் சேவை மையத்தில் போன் எடுத்துக்கொண்டிருந்தவன். இப்போது அந்த போனை ஒரு இயந்திரக் குரல் எடுக்கிறது. ஐடியா அக்கா வீட்டுக் கூடத்து சோபாவில் படுக்கிறான்.

"இருக்கே. ஒம்பது மணிக்கு ஆன்லைன் கிளாஸ்" என்றான் அவன், கோபமே இல்லாமல். "வெளிய வா. கடைசியா ஒரு தடவ பாத்துடலாம்."

சமையலறை மேசையில் மூன்று டம்ளர்களை வரிசையாக வைத்தான்.

"இது என்ன நெலமை. இது நீ என்ன செஞ்ச. இது அதனால என்ன ஆச்சு. எந்தக் கேள்வி கேட்டாலும் இந்த மூணு டம்ளரையும் ரொப்பணும். அவங்க மார்க் போடுறதே இந்த மூணுக்குத்தான். நீ மொத டம்ளரையே அரமணி நேரம் ஊத்துவ. 'அன்னிக்கு மழ பெய்ஞ்சுது, வண்டி லேட்டு, அந்த வீட்டுல லிப்ட் இல்ல...' அதெல்லாம் அவங்களுக்கு வேண்டாம்கா."

"லிப்ட் இல்லைங்கறதுதான்டா விஷயமே."

"பாத்தியா, ஆரம்பிச்சுட்ட."

"இந்த டம்ளர வெச்சு நீ எத்தன இன்டர்வியூ போன?"

"நெறைய."

"எத்தன வேல கெடச்சுது?"

ஐடியா டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினான். "நான் சொல்லிக்குடுக்கறதுல கெட்டிக்காரன்கா. வாங்கறதுலதான் கொஞ்சம் வீக்."

உள்ளறையிலிருந்து அக்காவின் கணவர் இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டே வந்தார். அதே கிடங்கில் வேன் ஓட்டுகிறவர். நிதானமாக ஓட்டுவதால் வண்டிக்கூடத்தில் அவரை 'பிரேக்' என்பார்கள். இப்போது அக்கம்பக்கத்துக்கும் அவர் பிரேக்தான். முன்பு கம்பெனி ஆளாக இருந்தார். இப்போது ஒப்பந்தம். டெலிவரி முடிந்ததும் வாடிக்கையாளர் போனில் நட்சத்திரம் போடுவார். நட்சத்திரம் குறைந்தால் நிரந்தர வண்டி போய்விடும். யாராவது வராத அன்று கூப்பிட்டால்தான் வேலை.

"சாப்பாட்டு டப்பா எடுத்தாச்சா?" என்றாள் அக்கா.

"எடுத்தாச்சு. நீ இன்டர்வியூவ நெனச்சுக்கிட்டு மதிய லோடை மறந்துடாத."

"மறக்க மாட்டேங்க."

"மறந்தாலும் பரவால்ல. நான் பாத்துக்கறேன், போ."

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

நேர்காணல் நடந்தது கண்ணாடி அறையில். நான்கு பக்கமும் கண்ணாடி. 'நமக்குள் ஒளிவுமறைவு இல்லை' என்பதற்காகப் புது நிர்வாகம் கட்டியது. உள்ளே யார் அழுகிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்று தளமே பார்க்கலாம்.

எதிரே மேலாளர். அக்காவைவிட வயதில் சின்னவள், எப்போதும் சிரித்த முகம். கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால் திட்டவாவது வசதியாக இருக்கும். பக்கத்தில் ஒரு லேப்டாப். அதன் திரையில் தலைமை அலுவலகத்து மனிதவள அதிகாரி. இணைப்பு சரியில்லாததால் வாயைத் திறந்தபடியே உறைந்திருந்தார்.

"உங்களப் பத்தி சொல்லுங்களேன் அக்கா."

அக்கா சொன்னாள். முதல் டம்ளர் ரொம்பி வழிந்தது. மேலாளர் தலையாட்டிக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு படத்தைத் திரையில் போட்டுக் காட்டினாள். முழுக்கப் பச்சை. நடுவில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி.

"சிஸ்டம் போட்ட திட்டத்துல நீங்க வேண்டாம்னு சொன்னது இந்த ஒண்ணுதான். மீதி எல்லாத்துக்கும் 'ஏற்கிறேன்' குடுத்திருக்கீங்க. மூணு கிடங்குலயும் உங்க கிடங்குதான் பெஸ்ட்."

"தேங்க்ஸ் மேடம்."

"அதனாலதான் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. சிஸ்டமே இவ்வளவு சரியா போட்டா... நீங்க எதுக்கு?"

அக்காவுக்குக் காது சூடானது.

இங்கே கதையை நிறுத்தி ஒன்றை விளக்க வேண்டும். இந்தக் குடும்பத்தின் தலைவிதியே இதில்தான் இருக்கிறது, விஷயமும் சுவாரசியமானது.

வேனுக்குக் கதவு பின்னால் மட்டும்தான். அதனால் முதல் வீட்டில் இறக்க வேண்டிய சாமானைக் கடைசியாக ஏற்ற வேண்டும். அப்போதுதான் அது கதவருகே இருக்கும். இது எல்லோருக்கும் தெரியும். சிஸ்டத்துக்கும் பாதி தெரியும். அதற்குள் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒன்று பாதை போடும்: எந்த வீடு முதலில் என்றால் பெட்ரோல் மிச்சம் என்று கணக்குப் பார்க்கும். இன்னொன்று சாமான் அடுக்கும்: கனமானதை டிரைவர் சீட்டுப் பக்கம் தள்ளி வைத்தால் வண்டி அலையாது என்று கணக்குப் பார்க்கும். இரண்டு கணக்கும் தனித்தனியாகச் சரி. கனமான அலமாரி முதல் வீட்டுக்குப் போக வேண்டிய நாளில் மட்டும் இரண்டும் முட்டிக்கொள்ளும். அன்றைக்கு அலமாரி வண்டியின் ஆழத்தில் கிடக்கும். முதல் வீட்டு வாசலில் சோபாவையும் மெத்தையையும் மேசையையும் தெருவில் இறக்கி வைத்துவிட்டுத்தான் அதை எடுக்க முடியும்.

இதை அக்கா முதல் வாரமே கண்டுபிடித்தாள். 'நிராகரிக்கிறேன்' பொத்தானை அழுத்தினாள். அதுதான் அந்தச் சிவப்புப் புள்ளி. காரணம் கேட்டது: வாகனப் பழுதா, சாலை மூடலா, சாமான் இருப்பில் இல்லையா, வாடிக்கையாளர் கோரிக்கையா? 'அடுக்கியது தப்பு' என்று ஒரு காரணமே அதில் இல்லை. ஏதோ ஒன்றை அழுத்தினாள். அந்த வாரக் கூட்டத்தில் பெரிய திரையில் அவள் படத்துக்குப் பக்கத்தில் சிவப்பு வட்டம் வந்தது. 'மாற்றத்துக்குப் பழக இன்னும் உதவி தேவை' என்று கீழே எழுதியிருந்தது. எல்லோரும் அவளுக்கு உற்சாகமாகக் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு அக்கா எல்லாவற்றுக்கும் 'ஏற்கிறேன்' கொடுத்தாள். கொடுத்துவிட்டு, சாமான் ஏற்றும் மேடைக்கு போன் போட்டு, "அலமாரிய கடைசியா ஏத்துங்க" என்று சொல்லிவிடுவாள். மேடைக்காரர் சிஸ்டம் சொன்ன வரிசையிலேயே பெட்டிகளை ஸ்கேன் செய்வார்; ஏற்றுவதை அக்கா சொன்ன வரிசையில் ஏற்றுவார். சிஸ்டத்துக்கு சந்தோஷம், வண்டிக்கும் சந்தோஷம். ஒவ்வொரு முறை அவள் திருத்தியபோதும் சிஸ்டத்துக்கு ஒரு பச்சை மார்க் விழுந்தது. தன் நாற்காலியைத் தானே கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவே இல்லை.

"அது சரியா போடல மேடம். நான் போன் பண்ணி மாத்தறேன்" என்றாள் இப்போது.

"எங்க பதிவாகியிருக்கு?"

"வாயால சொல்றதுதானே மேடம். எங்க பதிவாகும்?"

லேப்டாப்பில் உறைந்திருந்த அதிகாரி திடீரென்று உயிர்பெற்று, "சூப்பர், அடுத்த கேள்விக்குப் போலாமா?" என்று சொல்லிவிட்டு மறுபடி உறைந்தார்.

மேலாளர் சற்று யோசித்தாள். "நான் உங்கள நம்பறேன் அக்கா. ஆனா என் நம்பிக்கைய மேல அனுப்ப முடியாது. ஒண்ணு பண்ணுங்க. இன்னிக்கு மதிய லோடுக்கு போன் பண்ணாதீங்க. யார்கிட்டயும் சொல்லவும் வேண்டாம். சிஸ்டம் போட்டபடியே போகட்டும். தப்பாச்சுன்னா, நீங்க எதுக்குங்கறதுக்கு அதுதான் பதில். நானே எழுதி அனுப்பறேன்."

நியாயமான பேச்சு. அதனால்தான் அக்காவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

* * *

தளத்தில் யாருக்கும் சொந்த இடம் கிடையாது. காலையில் முந்துகிறவருக்கு ஜன்னலோரம். நேர்காணலிலிருந்து திரும்பியவளுக்குப் பிரிண்டர் பக்கம்தான் கிடைத்தது. அது அவள் முழங்கையில் சூடாக மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது.

மதியத் திட்டம் திரையில் வந்தது. நாலைந்து வண்டிகள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சரி, சரி, இதுவும் சரி. ஒன்றே ஒன்றில்தான் முதல் வீட்டு அலமாரி டிரைவர் சீட்டுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு கிடந்தது. அதற்கு மேலேயும் முன்னாலேயும் மூன்று பேர் உட்காரும் சோபா, இரட்டை மெத்தை, கண்ணாடி மேசை.

யார் வண்டி என்று சொல்ல வேண்டுமா?

அக்கா கழிவறைக்குப் போய் ஐடியாவுக்கு போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"அக்கா, இத விட்டா உனக்கு வேற சான்ஸ் கெடையாது" என்றான் அவன். விளையாட்டுக் குரல் இல்லை. "என்னையும் இப்படித்தான் வேலையவிட்டுத் தூக்கினாங்க. கோவமா பேசறவங்கள நான் எப்படி சமாளிச்சேன்னு எங்கயும் பதிவாகல. போன் எத்தன, எவ்வளவு நேரம், அதுதான் இருந்துச்சு. அத அந்த மெஷின் என்னவிட வேகமா பண்ணுது. நீ செய்யறது யார் கண்ணுலயும் படலைன்னா, நீ செய்யலைன்னுதான் அர்த்தம். ஒரு நாள் கண்ணுல படட்டும்."

"உங்க மாமா முதுகுடா."

"மாமாகிட்ட சொல்லிடாத. சொன்னா அது டெஸ்ட்டே இல்ல."

"அவரு ஸ்டாரு?"

மறுமுனை, "ஒரு நாள் கொறைஞ்சா ஒண்ணும் ஆகாதுக்கா" என்றது. நிச்சயமாகத் தெரியாமல் சொல்கிறான் என்று குரலே சொன்னது.

திரும்பி வந்து 'ஏற்கிறேன்' அழுத்தினாள். இத்தனை நாளும் பொய்யாக அழுத்திய பொத்தான். இன்றைக்குத்தான் நிஜமாக அழுத்துகிறாள்.

மேசை போன் அடித்தது. ஏற்றும் மேடையிலிருந்து.

"அக்கா, போனையே காணோமே! ஏதும் மாத்தணுமா?"

"இல்லப்பா."

"நம்ம பிரேக் வண்டில அலமாரி உள்ள போகுதே. அதான் மொத எறக்கம்?"

பிரிண்டர் ஏதோ ஒரு தாளை விழுங்கிக் கடகடத்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்படியே ஏத்துங்க."

"அக்கா?"

"அப்படியே ஏத்துங்கன்னு சொன்னேன்ல!"

வைத்துவிட்டாள்.

வண்டிகள் கிளம்பினால் திரையில் ஒரு வரைபடம் வரும். ஒவ்வொரு வண்டியும் ஒரு புள்ளி. வண்டியில் இருக்கும் கருவி அவ்வப்போது தன் இடத்தைச் சொல்லும்; அதனால் புள்ளி ஓடாது, தத்தித் தத்தித் தாவும். பிரேக்கின் புள்ளி ஊருக்கு வெளியே பெட்ரோல் பங்க் வரை தாவிவிட்டு நின்றது. சாப்பாட்டு இடைவேளை. அது சிஸ்டத்திலேயே உண்டு, தப்பில்லை. சாப்பிடட்டும் என்று நினைத்தாள். தெருவில் சோபாவைத் தூக்குவதற்கு முன்னால் நாலு வாய் உள்ளே போகட்டும்.

அவள் டப்பா பையிலேயே இருந்தது.

இடைவேளை முடிந்து புள்ளி நகர்ந்தது. முதல் வீட்டுக்குத் தாவியது. நின்றது. இதோ இப்போது கதவைத் திறப்பார். இதோ பார்ப்பார். 'அட, என்ன இது' என்பார். சோபாவின் ஒரு முனையைப் பிடித்துக் குனிவார்...

புள்ளி பச்சையானது. 'டெலிவரி முடிந்தது. குறித்த நேரத்துக்குள்.' பக்கத்தில் ஐந்து நட்சத்திரம்.

அப்பாடா என்றுதான் முதலில் இருந்தது. அடுத்த கணம் திரையை நெருங்கிக் குனிந்தாள். எப்படி முடியும்? அலமாரி எப்படி வெளியே வந்தது?

சாயந்திரம் மேலாளர் அவள் பக்கத்தில் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சிரிப்பில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

"எல்லா வண்டியும் பச்சை அக்கா. ஒண்ணுகூட லேட் இல்ல."

"இல்ல மேடம், அந்த வண்டில..."

"நானும் அந்த வண்டியத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். அஞ்சு ஸ்டார். இத நான் மறைக்க முடியாது இல்ல?" எழுந்துகொண்டாள். "காலையில முடிவு அனுப்பணும். அதுக்கு முன்னால ஏதாவது இருந்தா வந்து சொல்லுங்க. பேச்சா வேண்டாம், ஏதாவது ஆதாரமா."

* * *

வீட்டுக் கதவைத் திறந்ததும் தைல நெடி அடித்தது. கூடத்துத் தரையில் பிரேக் மல்லாந்து கிடந்தார். முழங்காலுக்கு அடியில் இரண்டு தலையணை, இடுப்புக்கு அடியில் வெந்நீர்ப் பை. ஐடியா தைல டப்பாவோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

சமையலறை மேசையில் அவர் சாப்பாட்டு டப்பா. அக்கா தூக்கிப் பார்த்தாள். காலையில் கட்டிக் கொடுத்த கனம் அப்படியே இருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டாள்.

"பங்க்ல சாப்பிடலையா?"

"எங்க சாப்பிடறது?" அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. வலிக்கு மேலே ஒட்டவைத்த பெருமை. "மேடையில சொன்னாங்க, அக்கா அப்படியே ஏத்துன்னுட்டாங்க, குரலே சரியில்லைன்னு. சரிதான், இன்டர்வியூ சொதப்பிடுச்சு, பாவம், அந்தக் கவலையில நீ மறந்துட்ட போலன்னு நெனச்சேன். அங்கயே மாத்தலாம்னா வண்டிக் கதவுக்கு சீல் போட்டாச்சு, பின்னால அடுத்த வண்டி நிக்குது. அதான் பங்க் பின்னால ஓரங்கட்டி, நானும் கூட வர்ற ஆளுமா மொத்தத்தையும் எறக்கித் திரும்ப அடுக்கினோம்."

"எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"பண்ணலாம்னுதான் பாத்தேன். பண்ணா, தப்பு பண்ணிட்டோமேன்னு இன்னும் ஒடஞ்சு போயிடுவியேன்னு பண்ணல. தப்பு உன் தலையில விழக்கூடாதுல்ல? யாருக்கும் தெரியாது, கவலப்படாத. காலையிலேயே சொன்னேன்ல, நான் பாத்துக்கறேன்னு?"

அக்கா மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்புதான் வந்தது. அது சிரிப்பு மாதிரி இல்லை.

"மாமா," என்றான் ஐடியா மெல்ல, "அது டெஸ்ட்டு மாமா. தப்பாகணும்னுதான் விட்டாங்க."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். டம்ளர் இல்லாமல் சொன்னான். கேட்கக் கேட்க பிரேக்கின் முகத்திலிருந்த பெருமை ஓரத்திலிருந்து உரிந்து வந்தது. கடைசியில் வலி மட்டும் மிஞ்சியது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"சொல்லக் கூடாதுன்னாங்க. இவனும் சொல்லாதன்னான்."

"அப்ப என் முதுகு போனா பரவால்லன்னு விட்ட?"

"போகட்டும்னுதான் விட்டேன்!" அக்காவின் குரல் உடைந்து உயர்ந்தது. "இன்னிக்கு பூரா அந்தப் புள்ளியப் பாத்துக்கிட்டு, எப்ப குனிவீங்க, எப்ப குனிவீங்கன்னு உக்காந்திருந்தேன். போதுமா? நான் தப்ப மறைச்சேன், மெஷினுக்கு மார்க்கு. ஒரு நாள் மறைக்காம விட்டேன், நீங்க மறைச்சீங்க. அதுக்கும் மெஷினுக்குத்தான் மார்க்கு. ஒரு வீடே சேந்து அதுக்கு வேல பாத்துக்கிட்டிருக்கோம்!"

எல்லாவற்றுக்கும் ஒரு யோசனை வைத்திருக்கும் ஐடியா, தைல டப்பாவின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

அக்கா தரையில் வந்து உட்கார்ந்தாள். வெந்நீர்ப் பை ஆறியிருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"காலையில மேடம் வரச்சொன்னாங்க. ஆதாரம் இருந்தா கொண்டு வான்னாங்க." நிறுத்தினாள். "ஆதாரம் நீங்கதான். எறக்கி அடுக்கினது நான்தான்னு வந்து ஒரு வார்த்த சொல்வீங்களா?"

கேட்பது என்ன என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சீலை முதல் வீட்டு வாசலில்தான் அறுக்க வேண்டும். வழியில் அறுத்துச் சாமானைத் தொட்டால் காப்பீடு செல்லாது. தொட்ட டிரைவருக்கு ஒப்பந்தம் அன்றோடு சரி. அவர் சொன்னால் அக்காவின் நாற்காலி நிலைக்கலாம், அவர் வண்டி கைவிட்டுப் போகும். சொல்லாவிட்டால் வண்டி கையில் இருக்கும். நட்சத்திரம் இருக்கும்வரை.

"மாமா..." என்று ஐடியா ஏதோ தொடங்கினான்.

"நீ சும்மா இருடா" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

பிரேக் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுக்கப் பார்த்தார். ஒரு கையை ஊன்றினார், பல்லைக் கடித்தார். முதுகு அசைய விடவில்லை.

வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தபடியே கிடந்தார்.